நாடி அறுபத்திரண்டு

என் வீட்டுக்காரருக்கு நாடி நிமிடத்துக்கு அறுபத்திரண்டு. தாலி கட்டும்போதும் அறுபத்திரண்டாகத்தான் இருந்திருக்கும். அப்போது யாரும் அளக்கவில்லை. மகள் பிறந்த அன்று நர்ஸ் ஓடி வந்து "பொண்ணுங்க" என்று சொன்னதற்கு "எத்தன கிலோங்க?" என்று கேட்ட மனிதர். கல்யாணமான நாளிலிருந்து நான் கத்தியதெல்லாம் எருமை மாட்டின் மேல் பெய்த மழைதான். இந்தக் குணத்தைத் தாங்க முடியாமல் நாலு தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறேன். இதே குணத்துக்காகத்தான் நொய்யல் மண்டலம் அவரைத் தன் வங்கிக்கு ஆளுநராக்கியது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மண்டலங்களெல்லாம் சொந்தமாகப் பணம் அடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும், எங்கள் ஆட்கள் வராகன் என்று பெயர் வைத்து அடித்தார்கள். பத்து வராகன் கொடுத்தால் ஒரு டாலர், என்றைக்கும் மாறாது என்று சட்டசபையில் சத்தியம் செய்தார்கள். பக்கத்து அமராவதி மண்டலத்துக்காரர்கள் தங்கள் பணத்துக்குத் துட்டு என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர் ரசனை அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரன் கடன் கொடுக்க, ரேஷன் கடை வாசலில் நிற்பவன் மாதிரி வந்து நின்றான். அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம், இவர்கள் காட்டும் கணக்கு உண்மையா என்று.

அதற்கு முன் எத்தனையோ நாடுகள் எத்தனையோ கணக்கைக் காட்டி அவன் தலையில் மிளகாய் அரைத்திருந்தன. கணக்கு பொய் சொல்லும், கையெழுத்து பொய் சொல்லும், நாடி பொய் சொல்லாது என்று எவனோ ஒரு மகாபுத்திசாலி கண்டுபிடித்தான். அப்படி வந்ததுதான் நாடிப் பட்டை. வங்கி ஆளுநரின் மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள். அவராகக் கழற்ற முடியாது. அவர் நெஞ்சு அடிப்பது உலகம் முழுக்கத் தெரியும். எங்கள் கடைத்தெரு முக்கில் ஆளுயரப் பலகை ஒன்றில் அந்த எண் இரவும் பகலும் ஓடும். எண் ஏறினால் ஆளுநர் எதையோ மறைக்கிறார், பயப்படுகிறார் என்று அர்த்தம். கடன் கொடுத்தவன் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடுவான்.

என் வீட்டுக்காரருக்கு முன்னால் மூன்று பேர். முதல் ஆளுநர் கிரிக்கெட் பார்த்தார், போனார். இரண்டாமவர் பாவம், லிஃப்ட் கெட்டுப்போய் ஐந்து மாடி ஏறினார். நூற்று நாற்பத்தாறு. நாற்பது நிமிடத்தில் முந்நூறு கோடி டாலர் மண்டலத்தை விட்டுப் பறந்தது. சரித்திரப் புத்தகத்தில் அதற்கு மாடிப்படி வீழ்ச்சி என்று பெயர். மூன்றாமவர் நேர்மையானவர். கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு நூற்று இருபது அடித்தது. அந்தக் குற்றத்துக்காக அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் நிதி அமைச்சர் முத்துரத்தினம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் அப்போது கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர்.

"அந்த டோக்கன் கதை நெசமுங்களா?" என்று அமைச்சர் கேட்டார்.

ஊருக்கே தெரிந்த கதை அது. வங்கிக்குள் ஒருவன் அரிவாளோடு வந்து பணத்தைக் கேட்டபோது, இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டோக்கன் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேமானியும் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் முறை வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

"டோக்கன் இல்லாம எப்பிடீங்க பணம் குடுக்கறது?" என்றார் இவர்.

அமைச்சரின் உதவியாளர் இவர் கையில் பட்டையைக் கட்டினார். கட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலிக்குப் பின்னால் ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டார். நான் காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். அமைச்சரே ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "பக்கத்துல எங்கியோ கல்யாணமாட்ட இருக்குது," என்றார். பட்டையில் அறுபத்திரண்டு.

அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மனுசன் இத்தன நாளா எங்கீங்க இருந்தாரு?"

"என்ற தலை மேல உக்காந்திருந்தாருங்க," என்றேன்.

"எனக்குப் பொருளாதாரமெல்லாம் தெரியாதுங்களே," என்றார் இவர்.

"தெரிஞ்சவங்கள வெச்சுத்தானுங்க மூணு தடவ விழுந்தோம்," என்றார் முத்துரத்தினம்.

ஆளுநர் ஆனதும் எனக்கு ஒரு காகிதம் வந்தது. சந்தை நேரத்தில், அதாவது காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, ஆளுநரின் மனைவி குரலை உயர்த்தலாகாது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முப்பத்தொரு வருஷம் கத்தி ஏறாதது இனிமேல் ஏறிவிடுமாக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும், வயிறும் எரியும். கடைத்தெருப் பலகையில் காலை அறுபத்திரண்டு, மத்தியானம் அறுபத்திரண்டு, பட்ஜெட் அன்றைக்கும் அறுபத்திரண்டு. கடன்காரர்கள் சொக்கிப்போனார்கள். டாலர் வெள்ளமாக வந்தது. எங்கள் ஊரில் ஐஸ் விற்பவன் முதல் ஆஸ்பத்திரி முதலாளி வரை எல்லோரும் டாலரில் கடன் வாங்கினார்கள். என் மகள் சம்யுக்தாவும் வாங்கினாள்.

சம்யுக்தா பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கம்பெனி வைத்திருந்தாள். நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். தானாகவே தைக்கும் இயந்திரக் கைகள் பன்னிரண்டு இறக்குமதி செய்ய வேண்டும் என்று நாலு லட்சம் டாலர் வாங்கினாள். ஜாமீனுக்கு என் பேரில் இருந்த தென்னந்தோப்பு.

"வராகன்ல வாங்குனா வட்டி பன்னெண்டு. டாலர்ல வாங்குனா மூணு. எந்தக் கிறுக்கன்மா வராகன்ல வாங்குவான்?" என்றாள்.

"உனக்குப் பள்ளிக்கூடத்துக்காரன் குடுக்கறது வராகன்தானே? கட்டறது டாலராச்சே."

"பத்துக்கு ஒண்ணு. மாறாது. சட்டம்."

"தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும்ங்கறே. மெஷின் போட்ட காசு திரும்ப ஏழு வருசமாகும்ங்கறே. நடுவால அவன் புதுப்பிக்க மாட்டேன்னுட்டா?"

"ஏன் மாட்டேங்கறான்? ஊரே புதுப்பிச்சிட்டு இருக்குது. அப்பாவோட நம்பரப் பாத்துட்டு நீயே இப்பிடிப் பேசுனா எப்பிடிம்மா?"

தோப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாங்கியிருக்கிறாள், எதிர்வீட்டுக்காரன் வாங்கியிருக்கிறான், நாம் மட்டும் வாங்காவிட்டால் நம்மைத்தானே பிழைக்கத் தெரியாதவள் என்பார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று சொன்னவனை இப்போது பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன்.

மூன்று வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் அமராவதி விழுந்தது. அந்த மண்டலத்து ஆளுநர் ஒரு அம்மாள். அவருடைய மகன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு பதிவுத் திருமணம் செய்யப் போகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டான். காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தார். நூற்று ஐம்பத்தொன்று. உலகம் கஜானாதான் காலி என்று நினைத்துக்கொண்டது. சாயங்காலம் உண்மை தெரிந்து, மாலை மாற்றி, அந்த அம்மாள் ஆசீர்வாதமும் பண்ணிவிட்டார். அதற்குள் துட்டு பாதிக்குக் கீழே போய்விட்டது. பையன் கல்யாணத்துக்கு ஒரு மண்டலமே மொய் எழுதியது.

"அங்க விழுந்தா விழட்டும். நமக்கென்னங்க?" என்று கேட்டேன்.

"கடன் குடுக்கறவன் நம்மளத் தனியாப் பாக்கறதில்ல லோகு," என்றார் இவர். என் பெயர் லோகநாயகி. "ஆத்துப் பேரு வெச்ச மண்டலத்தையெல்லாம் ஒரே மூட்டையாக் கட்டி வெச்சிருக்கறான். மூட்டையில ஒரு தக்காளி அழுகுனா, பிரிச்சுப் பாத்துட்டா நிப்பான்? மூட்டையோட எறக்கிப் போட்டுட்டுப் போயிருவான்."

"நம்ம தக்காளி நல்ல தக்காளிதானே?"

அவர் செய்தித்தாளைத் திருப்பினார். நானும் அவருடைய வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

அமராவதி விழுந்து மூன்று மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பிட வீட்டுக்கு வந்தார். அரிசிம்பருப்பு சாதம் வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சோறு இன்னைக்கு ரொம்ப நல்லாருக்குது லோகு."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. இந்த மனிதர் முப்பத்துநாலு வருஷத்தில் என் சமையலை மூன்று தடவைதான் புகழ்ந்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று உப்புமா நன்றாக இருந்தது. அரிவாள்காரன் வந்துபோன அன்று ராத்திரி கொள்ளு ரசம் நன்றாக இருந்தது. சம்யுக்தா ஆறு வயதில் டெங்குவில் கண் திறக்காமல் கிடந்தபோது, நான் கண்ணீரோடு வடித்துக் கொண்டுபோன கஞ்சி பிரமாதமாக இருந்தது. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இவருக்குப் பாராட்டு வரும். இது எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

நான் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டேன். உப்பே போடவில்லை. வாய் பேசாமல் எதிரில் உட்கார்ந்தேன். நான் வாய் பேசாமல் உட்காருவது எப்போதாவதுதான் நடக்கும்.

"கஜானால எத்தன இருக்குதுங்க?" என்றேன்.

"கணக்குல காட்டியிருக்கறது எண்ணூறு கோடி டாலர்."

"நெசமா எத்தனைங்க?"

"அதுல பெரும்பகுதிய முன்கூட்டியே வித்தாச்சு. வராகன் விழாமத் தாங்கறதுக்கு மூணு மாசமா ரகசியமா வித்துட்டு இருக்கறோம். தேதி வந்தா எடுத்துக் குடுக்கோணும். மிச்சம் பன்னெண்டு நாளைக்கு வரும்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். அறுபத்திரண்டு.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இருக்குது லோகு. ரொம்ப இருக்குது."

"அப்புறம் அது ஏன் ஏற மாட்டேங்குது?"

"எனக்கு அங்க வராது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

பொன்னு மாதிரி மனிதர்தான். அந்த நிமிடத்தில் எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது.

"சம்யுகிட்டச் சொல்லோணுங்க."

"சொல்லக் கூடாது."

"என்ற புள்ளைங்க."

"எனக்கும் புள்ளதான். அவ டாலர் வாங்குனா, யாரு வாங்கறாங்கன்னு பாத்து இன்னும் நாலு பேரு வாங்குவான். நாலு நாப்பதாகும். பன்னெண்டு நாளு பன்னெண்டு மணி நேரமாப் போயிரும். அப்புறம் யாரோட புள்ளையும் தப்பிக்காது." சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். "இன்னொரு கரண்டி போடு."

போட்டேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, காரில் ஏறிப் போனார். நான் உப்பு வாங்கி வருவதாக வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். அதை எந்த விசாரணைக் கமிஷனிலும் நான் மறைக்கவில்லை.

சம்யுக்தா தைத்து முடித்த பாவாடைக் கட்டுகளுக்கு நடுவே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளை ஓரமாக இழுத்து, "கையில இருக்கறதையெல்லாம் இப்பவே டாலராக்கு," என்றேன்.

"ஏம்மா வெய்யில்ல வந்து இப்பிடிப் பேசறே? ஜன்னல்ல எட்டிப் பாரு. பலகை தெரியுதா? அறுபத்திரண்டு."

"உங்கப்பா இன்னைக்கு மத்தியானம் சோறு நல்லாருக்குதுன்னு சொன்னாரு."

போனைக் காதிலிருந்து எடுத்தாள். "உப்பு?"

"போடவே இல்ல."

அவள் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. வைப்புத் தொகையை உடைத்தாள், கையிருப்பை வழித்தாள், டாலர் மாற்றும் கடைக்கு ஓடினாள். அறுபதாயிரம் டாலர் வாங்கினாள். கடைக்காரன் ரசீது எழுதும்போது பெயரைப் பார்த்தான். சம்யுக்தா சென்னியப்பன். ஆளுநரின் மகள் அவசரமாக டாலர் வாங்குகிறாள். மிச்சத்துக்கு அவள் வராகனைப் புரட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவன் ஷட்டரை இறக்கிவிட்டு, தனக்கும் மச்சானுக்கும் டாலர் வாங்கப் போயிருந்தான்.

மூன்று மணிக்குக் கடைத்தெருவில் நூறு பேர். நாலு மணிக்குப் பத்தாயிரம் பேர். பலகை பச்சை நிறத்தில் அறுபத்திரண்டு காட்டிக்கொண்டிருந்தது. முதல்முறையாக ஜனங்கள் அதை நம்பவில்லை. அதன் மேல் செருப்பு பறந்தது. என் வீட்டுக்காரர் வங்கிப் படியில் வந்து நின்று, தன் வழக்கமான குரலில், "யாரும் பதட்டப்படாதீங்க," என்றார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் மிச்சம் இருந்தவர்களுக்கும் பயம் பிடித்தது. கஜானாவில் டாலர் இல்லாதபோதும் இவ்வளவு அமைதியாக இருக்கிறவன் மனிதனா என்று கேட்டார்கள். ஒரு செருப்பு அவர் தோளில் பட்டது. அப்போதும் அறுபத்திரண்டு.

ஒரு வாரத்தில் டாலர் இருபத்தாறு வராகன். சம்யுக்தாவின் நாற்பது லட்சம் வராகன் கடன் ஒரு கோடியே நாலு லட்சமாயிற்று. வாங்கிய அறுபதாயிரம் டாலர் வட்டிக்கும் சம்பளப் பாக்கிக்கும் போயிற்று. இயந்திரக் கைகளை வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். தோப்பும் போயிற்று. நாற்பத்திரண்டு பேரையும் நிற்க வைத்து வேலை இல்லை என்று சொன்னாள். அதில் அயர்ன் மாஸ்டர் தங்கராசு மட்டும் ஒன்றும் கேட்காமல், இஸ்திரிப் பெட்டியைத் துடைத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போதுதான் சம்யுக்தா அழுதாள்.

இவரைப் பதவியில் விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு, வீட்டில் இவரைப் பிடித்துக்கொண்டேன். "பன்னெண்டு நாளைக்குத்தான் இருக்குதுன்னீங்களே, அப்புறம் என்ன பண்றதா இருந்தீங்க?"

"ஒம்பதாம் நாளு ஒலகக் கடன் மன்றத்துக்காரங்க வந்து பெரிய கடனுக்குக் கையெழுத்துப் போடறதா இருந்துச்சு."

"அத ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சம்யுகிட்டச் சொல்லுவேன்னு சொல்லல."

"சொல்லாமயே போய்ச் சொன்னேனே."

"ஆமா. நான் போட்ட கணக்குதான் தப்பு," என்றார். சோற்றைப் புகழாமல் இருந்திருந்தால் போதும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர்கள் நிஜமாகவே கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கடன் மன்றத்திலிருந்து மேனகா என்று, மலேசியாவிலிருந்து, பேச்சுக்குப் பேச்சு லா போடும் ஒரு பினாங்குப் பெண் வந்தபோது கேட்டேன். "போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம் லா," என்றாள். "எங்க பாட்டன் காலத்துல மலேசியாப் பணம் ரிங்கிட் விழுந்தப்பவும் இதே கேள்விதான் கேட்டாங்க அம்மா."

மேனகா வந்தது விசாரணை அறிக்கையோடு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். குறுகிய காலக் கடன், ஒரு பணத்தில் வருமானமும் வேறு பணத்தில் கடனும், முன்கூட்டியே விற்ற கையிருப்பு, மூட்டைத் தக்காளி, எல்லாம் விலாவாரியாக இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்திருக்கிறார்கள். சந்தைக்குத் தெரியாதது ஆளுநரின் மனைவிக்குத் தெரிந்திருந்தது என்று அதில் ஒரு வரி.

"அதனால அடுத்த கடனுக்குப் பட்டை உங்க கையில," என்றாள் மேனகா.

"எனக்கு எப்பவும் நூறுக்கு மேலதானுங்க அடிக்கும். உங்க ஆளுங்க பயந்து ஓடிருவாங்க."

"உங்க கைக்கடிகாரம் வழியா ரெண்டு மாசமா அளந்தாச்சு. உங்க சராசரி நூத்திப் பன்னெண்டு. நீங்க திட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு உப்பு இல்லைன்னு தெரிஞ்சதும் நீங்க அமைதியாயிட்டதா நீங்களே வாக்குமூலம் குடுத்திருக்கீங்க. நீங்க அமைதியானாத்தான் எங்களுக்கு ஆபத்து லா."

நான் மாட்டேன் என்றால் கடன் கிடையாது என்றாள். கடன் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு மருந்து இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை. கையை நீட்டினேன். முன்பு கத்தக் கூடாது என்று காகிதம் அனுப்பிய அதே அலுவலகம், ஆளுநர் மனைவி காலை ஒன்பது மணிக்குள் ஒரு தடவையாவது வாக்குவாதம் செய்வது விரும்பத்தக்கது என்று காகிதம் அனுப்பியது. புதிய சட்டம் வந்தது. இருபத்தாறு வராகனுக்கு ஒரு டாலர், என்றைக்கும் மாறாது.

இரண்டு வருஷம் நான் மண்டலத்துக்காகத் திட்டினேன். என் வீட்டுக்காரரும் தன் கடமையாக நினைத்து, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டு எனக்கு ஒத்துழைத்தார். பலகையில் நூற்றுப் பன்னிரண்டு பச்சை நிறத்தில் எரிந்தது. டாலர் மறுபடியும் வந்து குவிந்தது. ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்த சம்யுக்தா, வாடகைக் கொட்டகையில் பதினைந்து தையல் மெஷினோடு திரும்ப ஆரம்பித்தாள். தங்கராசும் வந்து சேர்ந்தார்.

போன மாதம் வங்கிக் கூட்டத்தில் நான் வழக்கம்போல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு அதிகாரி எண்களைப் படித்தார். கையிருப்பு ஐந்நூறு கோடி. தொண்ணூறு நாளில் திருப்பிக் கேட்கக்கூடிய கடன் தொள்ளாயிரம் கோடி.

"ஏனுங்க, ஐந்நூறு வெச்சுட்டுத் தொள்ளாயிரம் எப்பிடிக் குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் புதுப்பிச்சுக்குவாங்கம்மா," என்றார் அமைச்சர் முத்துரத்தினம். ஆமாம், அதே முத்துரத்தினம்தான். "உங்க நம்பரு அத்தன அழகா இருக்குது."

கூட்டம் முடியும் வரை நான் காத்திருக்கவில்லை. நேராகச் சம்யுக்தாவின் கொட்டகைக்குப் போனேன். ஒரு கடன் முகவர் மேஜை மேல் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். எட்டு இயந்திரக் கைகள். டாலர் கடன். வட்டி இரண்டரை.

"சம்யு, கையெழுத்துப் போடாதே."

"ஏம்மா?"

"ஐந்நூறுதான் இருக்குது. தொள்ளாயிரம் கடன். போன தடவ எப்பிடியோ அப்பிடியேதான் இருக்குது. உனக்கு எத்தன தடவதான் பட்டாப் புத்தி வரும்? தங்கராசண்ணன மறுபடி வெளிய அனுப்பறியா?"

முகவர் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். பலகையில் நூற்றுப் பதினான்கு. "அம்மா நல்லாத் திட்டறாங்க. சந்தைக்கு நல்ல நாளுங்க," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னால் அவளை நிறுத்த முடியும். வாயை மூடிக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் போதும். மூச்சை இழுத்து விட்டு, எண்பதுக்கு இறங்கினால் போதும். பலகை சிவப்பாகும், முகவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார், என் மகள் தப்பித்துவிடுவாள். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் செருப்பு பறக்கும். எத்தனை கொட்டகையில் எத்தனை தங்கராசுகள் இஸ்திரிப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்கள் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

ஸ்டூலைப் பார்த்தேன். உட்காரவில்லை.

"ஏண்டி, பெத்தவ சொல்றது ஏறலையா உனக்கு?" என்று தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தேன். முட்டாள் என்றேன், மூதேவி என்றேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஒவ்வொரு வார்த்தையும் கெஞ்சல்.

சம்யுக்தா என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "போதும்மா, தொண்ட வறண்டிரும். தங்கராசண்ணா, அம்மாவுக்கு மோர் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்குச் சந்தை முடியும்போது, என்றைக்கும் மாறாத வராகன் ஐந்து காசு ஏறியிருந்தது.